மரணம், மறுமை, உயிர்த்தெழுதல்: வேதப்பகுதிகளை வாசிக்கும் முறை

செத்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? துக்க வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான். பதில் தேடி வேதாகமத்தைத் திறந்தால் வசனங்கள் ஒன்றோடொன்று மோதுவதுபோல் தெரியும். "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்" என்கிறது பிரசங்கி 9:5. லூக்கா 16-இல் செத்துப்போன ஐசுவரியவான் பாதாளத்திலிருந்து பேசுகிறான், தண்ணீர் கேட்கிறான், சகோதரர்களுக்காகக் கவலைப்படுகிறான். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு, "இன்றைக்கு" இயேசுவுடனேகூடப் பரதீசில் இருப்பாய் என்று வாக்குக் கிடைக்கிறது. பவுலோ மரித்தவர்களை நித்திரையடைந்தவர்கள் என்கிறார்.

இவை எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி, மரணத்துக்குப் பின் நடப்பவற்றை ஒரே வரைபடமாக்குவது பலரும் செய்யும் வேலை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு பகுதியும் அதை முதலில் கேட்டவர்களின் ஒரு கேள்விக்குப் பதிலாக வந்தது. அந்தக் கேள்வி பல இடங்களில் நம்முடைய கேள்வி அல்ல. அதைக் கண்டுபிடித்த பிறகு முரண்பாடுகளில் பெரும்பகுதி விலகிவிடும். விலகாமல் நிற்பவையும் உண்மையில் எங்கே நிற்கின்றன என்று தெரியும்.

படி 1: கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகள் வேண்டும்: சபைகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, 1995-இல் வெளியான திருவிவிலியம் ஒன்று. ஒத்தவாக்கிய அகராதி (ஒரு சொல் வரும் வசனங்களையெல்லாம் பட்டியலிடும் நூல்) இருந்தால் நல்லது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து பத்திகள் வரைந்துகொள்ளுங்கள்: யார் யாரிடம் பேசுகிறார்; எந்தக் கேள்விக்குப் பதில்; எவ்வகை எழுத்து (வரலாறு, ஜெபம், உவமை, தரிசனம், கடிதம்); எந்த நிகழ்வைப் பற்றியது; எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. ஐந்தாவது பத்தியைப் பலர் வெறுமையாகவே விட்டுவிடுகிறார்கள். ஒரு வசனத்தின் மேல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றாமல் தடுப்பது அந்தப் பத்திதான். எந்த வசனமானாலும் அதற்கு முன்னும் பின்னும் ஓர் அதிகாரத்தை வாசித்து முடித்த பிறகே எழுதுங்கள்.

படி 2: எந்த நிகழ்வு என்று பிரித்தறிதல்

நான்கு காரியங்களை வேதாகமம் தனித்தனியாகப் பேசுகிறது: சாவும் அடக்கமும், சாவுக்கும் கடைசி நாளுக்கும் இடையிலான நிலை, செத்தவர் இதே வாழ்க்கைக்குத் திரும்பி வருதல், இனி சாவே இல்லாத உயிர்த்தெழுதல். பின்னிரண்டையும் ஒன்றாக்குவது மிகப் பரவலான தவறு.

திரும்பி வந்தவர்களின் பட்டியல் சிறியது. பழைய ஏற்பாட்டில் மூன்று பேர்: எலியாவின் காலத்தில் சாறிபாத் விதவையின் மகன் (1 இராஜாக்கள் 17), எலிசாவின் காலத்தில் சூனேம் ஊராளின் மகன் (2 இராஜாக்கள் 4), எலிசாவின் எலும்புகள்மேல் பட்டு எழுந்த மனிதன் (2 இராஜாக்கள் 13:21). சுவிசேஷங்களில் நாயீன் விதவையின் மகன், யவீருவின் மகள், பெத்தானியா லாசரு. அப்போஸ்தலர் நடபடிகளில் யோப்பாவில் தபீத்தாளும் துரோவாவில் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த ஐத்திகுவும். இவர்கள் எல்லோரும் மறுபடி சாக வேண்டியவர்கள். லாசருவைக் கொன்றுவிடப் பிரதான ஆசாரியர்கள் ஆலோசனை பண்ணினதை யோவான் 12:10 சொல்கிறது.

யோவான் இந்த வேறுபாட்டைத் துணிகளைக் கொண்டே காட்டுகிறார். லாசரு கைகால்கள் பிரேதச்சீலையால் கட்டப்பட்டபடி, முகமும் சுற்றப்பட்டபடி வெளியே வருகிறான்; பிறர் கட்டவிழ்க்க வேண்டியிருக்கிறது (11:44). இயேசுவின் கல்லறையில் சீலைகள் அங்கேயே கிடக்கின்றன. தலையில் சுற்றியிருந்த சீலை தனியே சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது (20:7). லாசருவைக் காட்டி "நாமும் இப்படித்தான் எழுவோம்" என்று பிரசங்கிக்கிறவர் யோவான் தாமே போட்ட கோட்டை அழித்துவிடுகிறார். லாசரு ஓர் அடையாளம். அது சுட்டுவது 11:25-ஐ: "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்." (லூக்கா 16-இல் வாசலண்டையில் கிடந்த லாசரு வேறு ஆள். வாசகர் இருவரையும் கலக்காதபடி தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.)

படி 3: எந்த இடம் என்று பிரித்தறிதல்

எபிரெயப் பழைய ஏற்பாட்டில் ஷேயோல் என்பது 65 முறை வருகிறது. அது இறந்தவர்கள் எல்லோரும் போகும் இடம். நல்லவர் கெட்டவர் என்ற பிரிவு அங்கே இல்லை. யாக்கோபு யோசேப்புக்காகத் துக்கித்து அங்கே இறங்குவேன் என்கிறான் (ஆதியாகமம் 37:35). எந்தோரில் அஞ்சனம்பார்க்கிறவள் எழுப்பின, ஏற்கெனவே மரித்த சாமுவேல், தள்ளப்பட்ட சவுலிடம், நாளைக்கு நீயும் உன் குமாரரும் என்னோடிருப்பீர்கள் என்கிறார் (1 சாமுவேல் 28:19). தீர்க்கதரிசியும் அவரால் கடிந்துகொள்ளப்பட்ட ராஜாவும் ஒரே இடத்துக்குப் போகிறார்கள். ஷேயோலைத் தண்டனைக் கிடங்காக வாசித்தால் இந்த வசனங்களுக்குப் பொருளே இல்லாமல் போகும்.

புதிய ஏற்பாட்டில் அதன் இடத்தில் ஹேடீஸ் என்ற கிரேக்கச் சொல் வருகிறது. கெஹென்னா வேறு. அது 12 முறை வருகிறது. 11 முறை இயேசுவின் வாயிலிருந்து, ஒரு முறை யாக்கோபு 3:6-இல். பழைய மொழிபெயர்ப்பு பொதுவாக முதலிரண்டுக்கும் பாதாளம் என்றும் கெஹென்னாவுக்கு நரகம் என்றும் போடுகிறது. ஆனால் எல்லா இடத்திலும் அப்படியில்லை: சங்கீதம் 9:17-இல் நரகம் என்று இருப்பது எபிரெயத்தில் ஷேயோல். இரண்டாவது மொழிபெயர்ப்பு பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

கெஹென்னா எருசலேமின் தெற்கிலும் மேற்கிலும் உள்ள இன்னோம் பள்ளத்தாக்கு. அங்கே பிள்ளைகளைத் தீயில் பலியிட்டார்கள் (2 இராஜாக்கள் 23:10, எரேமியா 7:31). எரேமியா அதைச் சங்காரத்தின் பள்ளத்தாக்கு என்றார். இயேசுவின் எச்சரிப்பில் கேட்பது அந்த நியாயத்தீர்ப்பின் எதிரொலி. "அது ஊர்க் குப்பை எப்போதும் எரிந்துகொண்டிருந்த இடம்" என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அந்தத் தகவல் கி.பி. 1200-ஐ ஒட்டி வாழ்ந்த தாவீது கிம்கி என்ற யூத உரையாசிரியரிடமிருந்து வருகிறது. இயேசுவின் காலத்துச் சான்று எதுவும் அதற்கு இல்லை. எரேமியா 7 போதும்; குப்பைமேட்டை விட்டுவிடுங்கள்.

படி 4: எந்தக் கேள்விக்குப் பதில்?

முழு முறையும் இந்தப் படியின் மேல்தான் நிற்கிறது. நிதானமாகச் செய்யுங்கள்.

பிரசங்கி 9-ஐ எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் வசனத்தோடு நிறுத்தாமல் பத்தாம் வசனம்வரை போனால் கேள்வி தெரிந்துவிடும்: எல்லோருக்கும் சாவு ஒன்றுதான் என்றால், உயிரோடிருக்கிறவன் என்ன செய்ய வேண்டும்? அப்பத்தைச் சந்தோஷமாய்ப் புசி, மனைவியோடு வாழ், கைக்கு நேரிடும் வேலையைப் பலத்தோடே செய் என்பது பதில். சூரியனுக்குக் கீழே தெரிவதைக் கொண்டு பேசும் ஞானியிடம் பரலோகத்தின் விவரம் கேட்பது முறையாகாது.

சங்கீதம் 6:5, 88:10-12, 115:17 ஆகியவை ஜெபங்கள், துதிகள். நோயாளி ஆண்டவரோடு வழக்காடுகிறான்: நான் செத்துப்போனால் உம்மைத் துதிப்பது யார்? அவன் கேட்பது உயிர்ப்பிச்சை.

எசேக்கியேல் 37-இன் உலர்ந்த எலும்புகளுக்கு விளக்கம் அதே அதிகாரத்தில் இருக்கிறது: இந்த எலும்புகள் இஸ்ரவேல் வம்சமனைத்துமே (37:11). கி.மு. 587-ஐ ஒட்டி எருசலேம் விழுந்தபின், எங்கள் நம்பிக்கை அற்றுப்போயிற்று என்று சொன்ன சிறைப்பட்ட ஜனத்துக்கு, தேசத்துக்குத் திரும்புவீர்கள் என்ற பதில். தனி மனிதரின் உயிர்த்தெழுதலுக்கு இதை நேரடி ஆதாரமாக வைக்க முடியாது. அந்த நம்பிக்கைக்குப் படிமம் தந்தது என்று சொல்லலாம்.

தனி மனிதர் எழுந்திருப்பதைப் பழைய ஏற்பாட்டில் மிகத் தெளிவாகச் சொல்வது தானியேல் 12:2. அங்கே கேள்வி நீதி. உண்மையாயிருந்ததற்காகவே கொல்லப்பட்டவர்களுக்குக் கடவுள் என்ன செய்வார்? தானியேலின் பிற்பகுதி, சிரியாவை ஆண்ட கிரேக்க ராஜா நான்காம் அந்தியோகுஸ் யூதரைத் துன்புறுத்திய கி.மு. 167–164 காலத்தில் எழுந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. மரபு வழி வாசிப்பு அதைக் கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் வைக்கிறது. எந்தக் காலத்தை ஏற்றாலும் கேள்வி மாறாது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள 2 மக்கபேயர் 7-இல் ஒரு தாயும் ஏழு மகன்களும் இதே நம்பிக்கையோடு சாகிறார்கள். உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கை இரத்தம் சிந்தின இடத்தில் தெளிவானது என்பதை மறக்காமல் வாசித்தால், அதை வெறும் ஆறுதல் வார்த்தையாகச் சுருக்க மாட்டோம்.

1 தெசலோனிக்கேயர் 4:13-18 தமிழ்நாட்டு அடக்க ஆராதனைகளில் தவறாமல் வாசிக்கப்படுவது. கி.பி. 50-ஐ ஒட்டி எழுதப்பட்ட கடிதம். அந்தச் சபையின் கவலை: ஆண்டவர் வருமுன்னே செத்துப்போனவர்கள் அந்த நாளை இழந்துவிடுவார்களோ? அவர்கள்தான் முதலாவது எழுந்திருப்பார்கள் என்கிறார் பவுல். மரித்தவர்கள் இன்றைக்கு விழித்திருக்கிறார்களா என்பதை இங்கே அவர் எடுக்கவே இல்லை. ஐந்தாவது பத்தியில் அதை எழுதிவையுங்கள். "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கியாதிருங்கள் என்பது அழாதீர்கள் என்ற கட்டளையும் அல்ல. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்தே இயேசு கண்ணீர் விட்டார்.

படி 5: உவமையை உவமையாக வாசித்தல்

ஐசுவரியவானும் லாசருவும் (லூக்கா 16:19-31) மறுமையின் நில வரைபடமாக அதிகம் பயன்படும் பகுதி. கேட்டவர்கள் யார் என்று 16:14 சொல்கிறது: பொருளாசைக்காரராகிய பரிசேயர். கதை போய் நிற்கும் இடம் 16:31: மோசேக்கும் தீர்க்கதரிசிகளுக்கும் செவிகொடாதவர்கள் மரித்தோரிலிருந்து ஒருவன் எழுந்திருந்தாலும் நம்பமாட்டார்கள். வாசலில் கிடந்தவனைக் காணாமல் போனவனைப் பற்றிய எச்சரிப்பு இது.

விவரங்களை நெருக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். உடல் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறது, ஆனாலும் நாவும் விரலும் இருக்கின்றன. ஐந்து சகோதரர் வீட்டில் உயிரோடிருக்கிறார்கள். ஆகவே கடைசி நியாயத்தீர்ப்பு இன்னும் வரவில்லை. இடம் பாதாளம், கெஹென்னா அல்ல. நித்திய தண்டனையின் வர்ணனையாக இதை எடுப்பவர்கள் இந்த இரண்டு விவரங்களையும் கவனிப்பதில்லை. ஆபிரகாமின் மடி என்பது விருந்தில் சாய்ந்து அமரும் முறை. யோவான் 13:23-இல் சீஷன் இயேசுவின் மார்பில் சாய்ந்திருப்பதும் அப்படியே. பந்தியிலிருந்து விழுந்த துணிக்கைகளுக்கு ஏங்கினவன் இப்போது பந்தியில் மதிப்பான இடத்தில் இருக்கிறான். உவமை என்பதால் மறுமையைப் பற்றி இதில் ஒன்றுமே இல்லை என்றும் தள்ள முடியாது. மரணத்துக்குப் பின் நிலை தலைகீழாகும் என்ற பொது நம்பிக்கையின் மேல்தான் கதை நிற்கிறது. அதற்கு மேல் கட்டாதீர்கள்.

படி 6: அடக்க வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுதல்

கல்லறைக் காட்சிகளை நம்மூர் மண் கல்லறையை மனதில் வைத்து வாசித்தால் பாதி புரியாது. முதல் நூற்றாண்டு எருசலேமில் வசதியுள்ள குடும்பங்களுக்குப் பாறையில் குடைந்த அறைகள் இருந்தன. உடலைக் கழுவி, துணி சுற்றி, பாறை மேடையிலோ சுவரில் குடைந்த நீள மாடத்திலோ வைப்பார்கள். சதை மக்கி ஏறக்குறைய ஓராண்டு ஆனபின் எலும்புகளைச் சேர்த்துச் சுண்ணாம்புக்கல் பெட்டியில் இடுவார்கள். கி.பி. 70-இல் நகரம் அழியும்வரை இந்த வழக்கம் பரவலாக இருந்தது. 1968-இல் எருசலேமின் வடக்கே கிடைத்த அப்படி ஒரு பெட்டியில் யெஹோஹனான் என்பவரின் குதிகால் எலும்பு, ஆணி பாய்ந்தபடியே இருந்தது. சிலுவையில் கொல்லப்பட்டவருக்கும் குடும்பக் கல்லறையில் அடக்கம் கிடைக்கக்கூடும் என்பதற்கு அது கண்கூடான சான்று.

நிக்கொதேமு கொண்டுவந்த வாசனைத் திரவியம் நூறு இராத்தல் (யோவான் 19:39). பழைய ஆங்கில இராத்தலாகக் கணக்கிட்டால் 45 கிலோ வரும். ரோம அளவு ஏறக்குறைய 327 கிராம். எனவே சுமார் 33 கிலோ. அதுவும் மிக மிக அதிகம். ராஜாவுக்குச் செய்யும் அடக்கம் என்று யோவான் காட்டுகிறார்.

நாட்கணக்கிலும் தடுக்கி விழுகிறவர்கள் உண்டு. வெள்ளி மாலை முதல் ஞாயிறு காலைவரை எப்படி மூன்று நாள்? யூதர் ஒரு நாளின் பகுதியையும் ஒரு நாளாகவே எண்ணினார்கள். எஸ்தர் 4:16-இல் மூன்று நாள் இரவும் பகலும் உபவாசம் என்கிறாள். 5:1-இல் மூன்றாம் நாளிலேயே ராஜாவின் முன் நிற்கிறாள். இரவும் பகலும் மூன்று நாள் பூமிக்குள் இருப்பதைப் பற்றி இயேசு சொல்லும் மத்தேயு 12:40-க்கும் இதே வழக்கத்தைப் பொருத்திப் பாருங்கள். லாசரு கல்லறையில் கிடந்த நான்கு நாளுக்கு, ஆத்துமா மூன்று நாள் உடலைச் சுற்றி நிற்கும் என்ற யூத நம்பிக்கையைக் காரணம் காட்டும் உரைகள் பல. அந்த நம்பிக்கை எழுத்தில் கிடைப்பது சில நூற்றாண்டுகள் பிந்திய ரபீக்களின் நூல்களில். சொல்வதானால் அந்தக் கால இடைவெளியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 7: நான்கு சுவிசேஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தல்

உயிர்த்தெழுந்த காலையைப் பற்றி மாற்கு 16, மத்தேயு 28, லூக்கா 24, யோவான் 20–21 ஆகியவற்றை நான்கு பத்திகளில் எழுதுங்கள். போனவர்கள், கண்டவர்கள், சொல்லப்பட்ட செய்தி, இயேசு தோன்றிய இடம் என்று நான்கு வரிசை போதும்.

மாற்கில் மகதலேனா மரியாள், யாக்கோபின் தாய் மரியாள், சலோமே. லூக்காவில் யோவன்னாளும் சேர்கிறாள். யோவானில் மகதலேனா மட்டும் போனதுபோல் இருக்கும். ஆனால் 20:2-இல் அவள் "எங்களுக்கு" என்று பன்மையில் பேசுகிறாள். மாற்கில் வெள்ளங்கி தரித்த வாலிபன், மத்தேயுவில் தூதன், லூக்காவில் இரண்டு பேர், யோவானில் இரண்டு தூதர். மத்தேயுவில் சீஷர்கள் ஆண்டவரைக் காண்பது கலிலேயா மலையில். லூக்காவில் எல்லாம் எருசலேமையும் 60 ஸ்தாதி (சுமார் 11 கி.மீ.) தொலைவிலுள்ள எம்மாவுவையும் பெத்தானியாவையும் சுற்றி நடக்கிறது. மாற்கு 16:9-20 நான்காம் நூற்றாண்டின் சினாயிட்டிக்கஸ், வத்திக்கானுஸ் என்ற கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. அவற்றில் சுவிசேஷம் 16:8-இல் பெண்களின் பயத்தோடு முடிகிறது. அந்தப் பன்னிரண்டு வசனங்களை மட்டும் ஆதாரமாக வைத்து எந்த உபதேசத்தையும் நிறுத்தாதீர்கள்.

அட்டவணை முடிந்ததும் உடனே ஒரே கதையாகத் தைக்கத் தோன்றும். பொறுங்கள். முதலில் ஒவ்வொரு சுவிசேஷத்தையும் தனியே வாசித்து, இவர் எதை முன்னே வைக்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு நான்கும் ஒத்துப்போகும் இடங்களைக் குறியுங்கள்: வாரத்தின் முதல் நாள், வெறுமையான கல்லறை, மகதலேனா மரியாள், முதலில் அறிந்தவர்கள் பெண்கள். பெண்களின் சாட்சியை ஆண்கள் எளிதில் ஏற்காத காலம் அது; லூக்கா 24:11-இல் அப்போஸ்தலர்களே அதை வீண்பேச்சாக எண்ணினார்கள். கதையைப் புனைகிறவர் இப்படித் தொடங்கியிருக்க மாட்டார் என்ற வாதத்துக்கு எடை உண்டு என்பதே எங்கள் கருத்து. 1 கொரிந்தியர் 15:3-8 சுவிசேஷங்களுக்கும் முந்தியது. பவுல் தாம் பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொடுப்பதாகச் சொல்லி கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள், யாக்கோபு என்று அடுக்குகிறார். அதில் பெண்களின் பெயர் இல்லை என்பதையும் அட்டவணையில் எழுதுங்கள்.

படி 8: எழுந்த சரீரம் எப்படிப்பட்டது?

1 கொரிந்தியர் 15:44-இன் "ஆவிக்குரிய சரீரம்" உடலில்லாத ஆவி என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இதே கடிதத்தின் 2:14-15-ஐப் பாருங்கள். அங்கே ஜென்மசுபாவமான மனுஷனும் ஆவிக்குரியவனும் எதிரெதிரே நிற்கிறார்கள். அந்த ஆவிக்குரியவன் கொரிந்துத் தெருவில் நடக்கும், சதையும் எலும்பும் உள்ள ஆள், ஆவியானவரால் நடத்தப்படுகிறவன். 15-ஆம் அதிகாரத்திலும் அதே இணைச்சொற்கள்தான். சரீரம் என்ற சொல் இரண்டு பக்கமும் அப்படியே நிற்கிறது. அதை இயக்குவது எது என்பதுதான் மாறுகிறது. விதை உவமையும் (15:37) இதையே சொல்கிறது: தொடர்ச்சி உண்டு, மாற்றமும் உண்டு.

சுவிசேஷங்களிலும் இரண்டு பக்கமும் இருக்கின்றன. இயேசு மீனைப் புசிக்கிறார், தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்; பூட்டிய கதவுகளுக்குள் வந்து நிற்கிறார், கூடவே நடந்தும் அடையாளம் தெரியாமல் இருக்கிறார். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் ஒன்று லாசருவைப் போன்ற மீட்சியாகிவிடும், அல்லது ஆவி தோற்றமாகிவிடும். லூக்கா 24:39 இரண்டாவதை நேரடியாகவே மறுக்கிறது. 1 கொரிந்தியர் 15:50-இன் "மாம்சமும் இரத்தமும்" அழிவுக்குட்பட்ட மனிதரைக் குறிக்கும் வழக்கு. மத்தேயு 16:17-இலும் மனிதரைத்தான் குறிக்கிறது.

நம்மிடையே இன்னொரு கலப்பும் நேர்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 19:28 "மறுஜென்மகாலத்திலே" என்கிறது. அதைப் பிறவிச் சுழற்சியாகப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. அங்கே பேசப்படுவது உலகம் முழுதும் புதிதாகும் நாள். எபிரெயர் 9:27 ஒரேதரம் மரிப்பது என்று முடித்துவிடுகிறது.

படி 9: சபைகள் பிரியும் இடங்கள்

கள்ளனுக்கு இயேசு வாக்களிக்கும் லூக்கா 23:43-ஐ எடுங்கள். பழைய கிரேக்கப் பிரதிகளில் நிறுத்தற்குறிகள் பெரும்பாலும் இல்லை. "இன்றைக்குச் சொல்லுகிறேன்" என்று இணைக்கலாமா, "இன்றைக்கு இருப்பாய்" என்றா? தமிழ் வாக்கிய அமைப்பில் மொழிபெயர்ப்பாளர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். பழைய மொழிபெயர்ப்பு இரண்டாவதைத் தேர்ந்தது. லூக்காவில் மற்ற இடங்களில் "மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்" என்பதோடு இன்று என்ற சொல் ஒட்டி வருவதில்லை. ஆகவே இந்தத் தேர்வே வலுவானது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் முதல் வகையில் வாசிக்கிறார்கள். மரித்தவர்கள் உயிர்த்தெழும்வரை உணர்வின்றி உறங்குகிறார்கள் என்ற அவர்கள் போதனைக்குப் பிரசங்கி 9-உம் லாசரு நித்திரையடைந்திருக்கிறான் என்று இயேசு சொல்லும் யோவான் 11:11-உம் ஆதாரங்கள். கத்தோலிக்கர் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு (மரித்தபின் ஆத்துமா சுத்திகரிக்கப்படும் நிலை) 2 மக்கபேயர் 12:43-45-ஐக் காட்டுகிறார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளின் மன்றாட்டுகள் அந்த நம்பிக்கையோடு சேர்ந்தவை. மக்கபேயர் நூல் புராட்டஸ்டண்ட் சபைகளின் திருமறையில் இல்லை. பிலிப்பியர் 1:23-இல் "கிறிஸ்துவுடனேகூட இருக்க" விரும்பும் பவுலைக் கொண்டு, இறந்த விசுவாசி உடனே ஆண்டவரோடிருக்கிறார் என்று கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் ஆகிய இரு தரப்பிலும் போதிக்கப்படுகிறது. துக்க வீட்டில் பேசப் போகிறவர் அந்தக் குடும்பத்தின் சபை எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சர்ச்சைக்குரிய வசனத்தை அங்கே எடுக்கவேண்டாம். யோவான் 11:25-26 எல்லாச் சபைக்கும் பொது.

கடினமான மூன்று வசனங்கள்

மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுவோர் (1 கொரிந்தியர் 15:29), காவலிலுள்ள ஆவிகளுக்குப் பிரசங்கம் (1 பேதுரு 3:19), எருசலேமில் எழுந்த பரிசுத்தவான்கள் (மத்தேயு 27:52-53). முதலாவதைப் பவுல் வாதத்துக்காக எடுக்கிறார். அதை ஏற்கிறாரா மறுக்கிறாரா என்று சொல்லவில்லை. இரண்டாவதற்கு அந்த ஆவிகள் நோவாவின் காலத்தவர் என்று அடுத்த வசனமே வரம்பு கட்டுகிறது. அவர்கள் மனிதரா, விழுந்த தூதரா என்பதில் பழங்காலம் முதலே இரு கருத்து. மூன்றாவதில் கல்லறைகள் திறப்பது வெள்ளிக்கிழமை, அவர்கள் நகரத்துக்குள் வருவது இயேசு எழுந்த பின்பு; அதன்பின் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று மத்தேயு எழுதவில்லை. வேறெந்தச் சுவிசேஷத்திலும் இது இல்லை. நில அதிர்ச்சி, கிழிந்த திரைச்சீலை ஆகியவற்றோடு சேர்த்து, இந்தச் சாவோடு புதிய காலம் தொடங்கிவிட்டது என்ற அடையாளமாக இதை வாசிப்பது பாதுகாப்பானது. மூன்றையும் மற்றத் தெளிவான பகுதிகளை முடித்த பிறகு கடைசியாக எடுங்கள். ஒரு வேதபாட வகுப்பில் இவற்றுக்குத் தனியே ஒரு வாரம் ஒதுக்கினால் போதும்.